குணமடைந்த நாளும் விலக்கு முடியும் நாளும்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரை)



ஊனமுற்றோரின் சமுதாய நிலை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருள் மிகப் பரந்தது. பார்வையற்றோர், செவித்திறனற்றோர், இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியோர், மனவளர்ச்சி குன்றியோர் என ஒவ்வொரு பிரிவினரின் இடரும் தனித்தனித் தன்மையுடையது. அனைத்தையும் ஒரே உரையில் தொட முயன்றால் எதையும் சொன்னதாகாது. ஆகவே ஒரு பிரிவினரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2016-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை வரையறுக்கிறது. அவற்றுள் ஒன்று, ‘தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்’ என்பது. அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்தச் சொற்றொடரைச் சற்று நின்று கவனியுங்கள். பட்டியலில் உள்ள ஏனைய பிரிவுகள் பெரும்பாலும் இன்றுள்ள ஒரு குறைபாட்டின் பெயரைத் தாங்கியுள்ளன. இந்த ஒரு பிரிவோ நீங்கிவிட்ட நோயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோய் போய்விட்டது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அம்மனிதரை அடையாளம் காட்ட அந்த நோயின் பெயரன்றி வேறு பெயர் அகப்படவில்லை. சட்டம் இயற்றியவர்களை இதற்காக நான் குறை கூறவில்லை. இப்பிரிவினருக்குச் சலுகை சேர வேண்டுமானால் ஏதேனும் ஒரு பெயர் வேண்டும்தானே. ஆனால் நமது சமுதாயத்தின் உண்மை நிலையை அந்தப் பெயர் எவ்வளவு துல்லியமாகக் காட்டிவிடுகிறது!

மருத்துவச் செய்தியை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நலம். படித்தவர்களிடையேகூட இதில் பெருங்குழப்பம் நிலவுகிறது. தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இல் கண்டறிந்தார். நோய், பாவத்தின் பலனோ பரம்பரைச் சொத்தோ அன்று என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. இது தொற்றக்கூடியதுதான்; ஆனால் மிக மெதுவாகவும் அரிதாகவும் தொற்றுவது. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் இயற்கையாகவே இதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றவர்கள். 1940-களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. காலப்போக்கில் கிருமிகள் அதற்கு அடங்க மறுத்தன. பின்னர் 1981-இல், ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாஸிமின் ஆகியவற்றைச் சேர்த்து வழங்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் மருந்து உண்டால் நோய் தீரும், மருந்தும் இலவசம். முதல் சில வேளை மருந்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரும்பாலும் ஒழிந்துவிடுகிறது.

அப்படியானால் குணமடைந்தவரின் விரல்கள் ஏன் மடங்கியே இருக்கின்றன? பாதத்தில் ஏன் புண் வருகிறது? இதற்கு விடை தெரியாமையே பாதி அச்சத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை, குறிப்பாகத் தோலையும் தோலையொட்டி ஓடும் நரம்புகளையும் நாடுகிறது. முழங்கையருகே செல்லும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப் போகின்றன. முழங்காலுக்கருகில் உள்ள நரம்பு கெட்டால் பாதம் தொங்கிவிடுகிறது. முகத்தின் நரம்பு கெட்டால் இமை மூட முடிவதில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை உயிர்ப்பிக்காது. உணர்ச்சியற்ற கை அடுப்பின் சூட்டை அறியாது. உணர்ச்சியற்ற கால் முள்ளை அறியாது. அடுத்தடுத்துப் படும் காயங்களும் அவை சீழ்பிடிப்பதுமே விரல்களைத் தேய்த்துக் குறுகச் செய்கின்றன. நோயால் சதை அழுகி விழுகிறது என்ற பழைய நம்பிக்கையை மாற்றி, வலியுணர்வு இல்லாமையே இந்தச் சேதத்துக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டியவர் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு. மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் பணியையும் 1940-களின் இறுதியில் அங்கே அவர் தொடங்கினார்.

ஆக, நாம் அஞ்சுகின்ற அந்த ஊனம் பழைய காயத்தின் தழும்பு. வெந்நீர் கொட்டிய தழும்பைக் கண்டு எவரும் விலகி உட்காருவதில்லை. இந்தத் தழும்பைக் கண்டால் மட்டும் விலகுகிறோம். அது இன்றும் நடக்கும் நோயின் அடையாளம் என்று கண் சொல்வதை மனம் நம்பிவிடுகிறது.

தனி மனிதரின் அச்சத்தை நான் பெரிதுபடுத்தமாட்டேன். அறிவு புகட்டினால் அது குறையக்கூடும். ஆனால் அந்த அச்சத்தை அரசே எடுத்துச் சட்டமாக எழுதி வைத்தது. அந்த வரலாற்றை அலுவலர்களாகிய நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

1890-91-இல் ஒரு தொழுநோய்க் குழு இந்தியா முழுதும் சுற்றி ஆராய்ந்தது. நோய் தொற்றும் அளவு மிகச் சிறிது என்றும், நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கத் தேவையில்லை என்றும் அது கருதியது. அந்த அறிக்கையை இலண்டனில் இருந்தோர் விரும்பவில்லை. 1897-இல் பெர்லின் நகரில் நடைபெற்ற மாநாடு பிரித்து வைத்தலை ஆதரித்தது. மறு ஆண்டே இங்குத் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது. நேரில் வந்து பார்த்தவர்களின் சொல் தோற்று, தொலைவில் இருந்து அஞ்சியவர்களின் சொல் வென்றது என்று இதனைக் கூறலாம்.

1898-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பது மிக முக்கியமானது. ‘வறிய தொழுநோயாளி’ என்று அது ஒரு பிரிவைப் படைத்தது. பொது இடத்தில் பிச்சை கேட்பவரும், பிழைப்புக்கு வெளிப்படையான வழியின்றித் திரிபவரும் இதில் அடங்குவர். இச்சட்டம் அமுலாக்கப்பட்ட பகுதிகளில் இத்தகையவரைப் போலீசார் வாரண்டின்றியே கைது செய்யலாம். ஆய்வாளர் சான்று அளித்தால் நடுவர் அவரை விடுதிக்கு அனுப்பலாம். செல்வர் வீட்டு நோயாளி மாடியறையில் மறைந்து வாழ்ந்தார். அவரைச் சட்டம் தேடிப் போகவில்லை. நோய் ஒன்றுதான், குற்றமாக்கப்பட்டது வறுமை. அத்துடன், உணவுப் பண்டமும் துணியும் விற்பதும், நகராட்சி விலக்கிய பொதுக் கிணற்றிலோ குளத்திலோ நீர் எடுப்பதும் குளிப்பதும், வாடகை வண்டியில் ஏறுவதும் தண்டனைக்குரியவையாயின. புகைவண்டிக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டிருந்தது. ஏன் என்பதை அந்நாளைய புகைவண்டிக் கம்பெனிகளின் வருமானத்தை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்; எனக்குத் தோன்றுவது அதுதான்.

நாடு விடுதலை பெற்றது. காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையைச் சேர்த்திருந்தார். சேவாகிராமத்தில் பர்ச்சூரே சாஸ்திரி என்ற வடமொழி அறிஞரைத் தம் குடிலருகிலேயே தங்கவைத்து, தம் கைகளாலேயே அவருடைய உடலைத் தேய்த்துப் பணிவிடை செய்தார். அடிகள் மறைந்த சனவரி 30-ஆம் நாளையே தொழுநோய் எதிர்ப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். இவ்வளவும் செய்த நாடு, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏட்டிலிருந்து நீக்கியது எப்போது தெரியுமா? 2016-இல். சில மாநிலங்கள் முன்னரே தத்தம் பகுதியில் நீக்கியிருந்தன என்பதைக் கூறுவது நியாயம். எனினும் மத்தியச் சட்டம், மருந்து கண்ட பின்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தது.

அதுமட்டுமன்று, விடுதலைக்குப் பின் நாமே எழுதிய சட்டங்களிலும் அதே அச்சம் இடம்பெற்றது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், கடுமையான, தீராத தொழுநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக ஏற்றது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும், அதற்கு முந்தைய 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் மண முறிவுச் சட்டமும், 1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டமும் இதில் வேறுபடவில்லை. சமயங்கள் பலவாயினும் இந்த ஒன்றில் எல்லாச் சட்டங்களும் ஒன்றுபட்டு நின்றன. கணவனையோ மனைவியையோ கைவிட விரும்புவோர்க்குச் சட்டம் வாசலைத் திறந்து வைத்தது. 2015-இல் இந்தியச் சட்டக் குழு தனது 256-ஆவது அறிக்கையில் இவை அனைத்தையும் தொகுத்துக் காட்டி, பாகுபாட்டை ஒழிக்க ஒரு முழுமையான சட்டத்தின் வரைவையும் இணைத்தது. இதன்பின் 2019-இல் நாடாளுமன்றம், தனிநபர் சட்டங்கள் ஐந்தைத் திருத்தி மணவிலக்குக் காரணங்களிலிருந்து தொழுநோயை அகற்றியது. வரைவு கேட்டவற்றில் இது ஒரு பகுதி மட்டுமே.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஒரிசா, அதாவது இன்றைய ஒடிஷா மாநிலத்தில், தேர்தலில் வென்று நகராட்சிக்குள் வந்த ஒருவர் தொழுநோயர் என்ற காரணத்தால் தகுதியிழந்தார். 1950-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில் அத்தகைய விதி இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2008-இல் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 2008! கூட்டு மருந்து வந்து இருபத்தேழு ஆண்டுகள். நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிந்துவிட்டதென்று நாடு அறிவித்து மூன்று ஆண்டுகள். வாக்காளர் அவருக்கு வாக்களித்தார்கள். அவர்களோடு அவர் பழகியே வாக்குக் கேட்டிருக்க வேண்டும். ஊரார் அஞ்சவில்லை, சட்டப் புத்தகம்தான் அஞ்சியது. சமுதாயம் பின்தங்கியது, அரசு முன்னோடி என்று நாம் வழக்கமாகச் சொல்வதுண்டு. எப்போதும் அப்படி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் 2018-இல் அதே நீதிமன்றம், பங்கஜ் சின்ஹா என்பார் தொடுத்த பொதுநல வழக்கில், வேறு நோக்கில் பல ஆணைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்று சிறியதாகத் தோன்றினும் என் மனத்தைக் கவர்ந்தது. விழிப்புணர்வு விளம்பரங்களில் சிதைந்த உடலைக் காட்டும் அச்சமூட்டும் படங்களை விடுத்து, குணமடைந்து வாழ்வோரின் படங்களை வெளியிட வேண்டும் என்பது அது. நாம் சிறுவயது முதல் சுவரொட்டிகளில் பார்த்தவை எத்தகைய படங்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அச்சத்தைப் போக்கும் பொறுப்பேற்ற சுவரொட்டிகளே அச்சத்தைப் பரப்பிய விந்தையை அவற்றில் காணலாம்.

ஒழிப்பு என்ற சொல்லைப் பற்றியும் இங்கே கூறியாக வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் பத்தாயிரம் பேருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்த நாட்டில், 2005 டிசம்பரில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. மருத்துவ ஊழியர்களின் இந்தச் சாதனை போற்றத்தக்கது, ஐயமில்லை. ஆனால் ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழிந்தது’ என்பதன் பொருள் நோயே இல்லை என்பதன்று. பொதுமக்களும், சில இடங்களில் நிர்வாகமும், அப்படியே புரிந்துகொண்டனர். வீடுவீடாகத் தேடும் பணி தளர்ந்தது. 2023-இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1,82,000 பேர். அவர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். குழந்தைகளும் இதில் உண்டு. ஊனம் வந்தபிறகே கண்டறியப்படுவோரும் உண்டு.

இவர்களுள் பலர் ஏன் முன்பே வரவில்லை? தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற ஒரு படை தோன்றும்போது வந்திருந்தால் ஆறு மாத மருந்தோடு முடிந்திருக்கும். வலிக்காத படைக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று தோன்றுவதில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். மணமாகாத தங்கை வீட்டிலிருக்கும்போது அண்ணன் அந்தப் படையைச் சட்டைக்குள் மறைப்பான். புகுந்த வீட்டில் இருக்கும் பெண் சேலைத் தலைப்பால் மறைப்பாள். மறைத்த நாட்களில் நரம்பு சாகிறது, விரல் மடங்குகிறது. இனி மறைக்க முடியாது என்ற நிலையில் வெளியே வருகிறார்கள். ஊனம் இருப்பதால் விலக்கு வருகிறது என்றே பொதுவாகக் கருதுகிறோம். இங்கு விலக்கு பற்றிய அச்சமே ஊனத்தை உண்டாக்குகிறது. மாணவர்கள் இதனை நன்கு சிந்திக்க வேண்டும். ஊனமுற்றோர் நலம் என்பதை மருத்துவம் ஒருபுறம், சமூகநலம் ஒருபுறம் என்று துறை பிரித்துப் படிக்கும் நமது வழக்கத்தில் இந்த உண்மை நழுவிவிடுகிறது.

அடுத்து, குடியிருப்புகள். நாட்டில் எண்ணூறையொட்டிய எண்ணிக்கையில் தொழுநோயாளர் குடியிருப்புகள் உள்ளன. இவற்றுள் பல எவரும் திட்டமிட்டு அமைத்தவை அல்ல. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே, இருப்புப் பாதையோரத்திலோ ஆற்றங்கரையிலோ சுடுகாட்டுக்கு அருகிலோ குடிசை போட்டார்கள். மகாராஷ்டிரத்தில் பாபா ஆம்தே உருவாக்கிய ஆனந்தவனம் போல உழைப்பால் தழைத்த இடங்களும் உண்டு. தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிட்டு, பிறருக்குக் கல்விச்சாலை அமைத்துக் கொடுக்கும் அளவுக்கு அங்குள்ளோர் உயர்ந்தனர். எல்லாக் குடியிருப்புகளுக்கும் ஒரு ஆம்தே வாய்க்கவில்லை. பல இடங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தும் நிலத்துக்குப் பட்டா இல்லை. நகரம் வளர்ந்து அந்தப் புறம்போக்கு இன்று விலை மதிப்புள்ள மனையாகிவிட்டது. அன்று ஊருக்கு வெளியே துரத்தப்பட்டவர், ஊர் தன்னை நோக்கி வந்துவிட்டதால் மீண்டும் துரத்தப்படும் நிலையில் இருக்கிறார். அங்கே பிறந்த பேரன் நோய் என்னவென்றே அறியான். ஆனால் வேலைக்கு மனுப்போட்டால் அவனுடைய முகவரியே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அரசு ஆவணங்களில் ‘தொழுநோயாளர் காலனி’ என்று எழுதியுள்ள தெருப் பெயரை மாற்ற எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. உள்ளாட்சி மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.

இனி அலுவலர்களோடு நேரடியாகச் சில சொற்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத ஊனமுடையோர்க்கு அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் உடலியக்கக் குறைபாடுடையோர்க்கான 1 விழுக்காட்டில் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் அடங்குவர். உயர்கல்வியில் 5 விழுக்காடு இடங்கள் உண்டு. இவற்றை அடைய ஊனச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மருத்துவ அதிகாரியிடம் போக வேண்டும். புண்பட்ட பாதத்தோடு பேருந்தில் ஏறும் ஒருவரை நடத்துநர் இறக்கிவிடாதிருக்க வேண்டும். மருத்துவமனையின் வரிசையில் முன்னும் பின்னும் நிற்போர் முகம் சுளிக்காதிருக்க வேண்டும். சலுகை என்று ஏட்டில் எழுதுவதற்கும் அது கைக்கு வந்து சேர்வதற்கும் இடையே இத்தனை படிகள். ஆகவே சான்றிதழ் முகாமைக் குடியிருப்புக்கே கொண்டு செல்லும் மாவட்ட நிர்வாகம், பெரிய திட்டங்கள் பலவற்றைவிட அதிகம் சாதிக்கும் என்பது என் துணிபு.

விரல் ரேகை பற்றியும் சொல்ல வேண்டும். ஆதார் வந்தபின் பங்கீட்டுக் கடையிலும் ஓய்வூதியம் வழங்குமிடத்திலும் விரலை வைக்கச் சொல்கிறார்கள். விரலே தேய்ந்துபோனவர் எதை வைப்பார்? கண்ணின் நரம்பும் கெட்டு விழித்திரைக்கு முன்னுள்ள பாகம் வெளுத்துப் போயிருந்தால் கண் பதிவும் கிட்டாது. இத்தகையோர்க்கு உடலடையாளப் பதிவில் விலக்களித்து ஆதாரில் சேர்க்க விதி உண்டு. விதி இருப்பதைக் கடைக்காரரோ, பல நேரங்களில் மேற்பார்வை அலுவலரோ அறிவதில்லை. இயந்திரம் ஏற்கவில்லை, நாளை வா என்கிறார்கள். நாளையும் அந்த விரல் வளர்ந்திருக்கப் போவதில்லை.

பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டங்களையும் அவை நடைமுறையிலுள்ள மாநிலங்களின் அலுவலர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைத் தனி விடுதியில் அடைக்க வழி செய்தது. 1898-இன் ‘வறிய தொழுநோயாளி’ வேறு வாயிலாக மீண்டும் உள்ளே வந்ததைக் கவனியுங்கள். டில்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் முக்கிய விதிகளை டில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் செல்லாதென அறிவித்தது. பிற மாநிலங்களின் விதி நூல்களில், சங்கங்களின் துணை விதிகளில், விடுதிகளின் சேர்க்கைப் படிவங்களில் ‘தொழுநோய் இல்லை எனச் சான்று தருக’ என்ற வரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பது மாணவர்களுக்கு ஒரு நல்ல ஆய்வுப் பணியாக அமையும். நூலகமும் பொறுமையும் இருந்தால் போதும்.

தொழுநோய்ச் சிகிச்சைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நாள் குறிக்கப்படுகிறது: மருந்து முடிந்து, பெயர் நீக்கப்பட்ட நாள். ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியர் அதை எழுதிக் கையொப்பமிடுகிறார். அதன்பின் அம்மனிதர் சுகாதாரத் துறைக்கு நோயாளி இல்லை. அந்த ஊழியரின் கையொப்பத்தைப் பள்ளி, பேருந்து, பங்கீட்டுக் கடை, திருமண வீடு, நகராட்சி ஆகியவை ஏற்பதற்கு என்ன வழி என்பதே நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி. அந்த நாளின் நகலொன்றை நோயாளி கையிலேயே கொடுப்பதா, அப்படிக் கொடுத்தால் அதுவே இன்னொரு அடையாளச் சீட்டாகிவிடுமா என்பதில் எனக்கே இரு மனம் உண்டு. களப்பணியாளர் சிலர் இங்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கருத்தைக் கேட்க ஆவலாக உள்ளேன்.